எதிர்வீட்டுக்குச் சாட்சி சொல்லப் போகுமுன்

ஆடி மாதம் வந்தால் எங்கள் அயனாவரம் தெருவில் ஞாயிற்றுக்கிழமை கூழ் ஊற்றுவார்கள். எதிர்வீட்டுத் தங்கச்சி எவர்சில்வர் தூக்கில் எனக்கும் கொண்டுவந்து கொடுப்பாள். தொட்டுக்கொள்ளக் கருவாட்டுக் குழம்பும் முருங்கைக்கீரையும் தனிக் கிண்ணத்தில் இருக்கும். பதினோரு வருஷமாக நான் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டு, பின்கட்டுச் சாக்கடையில் ஊற்றிக்கொண்டிருந்தேன். 2022-ல் ஒருநாள் கதவு சரியாகச் சாத்தவில்லை. கிண்ணத்தைக் கொடுக்க மறந்துவிட்டோமென்று திரும்பி வந்தவள், நான் தூக்கைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டாள்.

சண்டை போட்டிருந்தால் தேவலாம். ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாள். பத்து நாள் கழித்து ரவிக்கைத் துணியோடு வந்தாள். எனக்குத் தையல் வேலை. தோள் அளவு எடுத்துக்கொண்டிருக்கும்போது, முதுகைக் காட்டியபடியே கேட்டாள்: "ஏன்க்கா, வாராவாரம் சர்ச்சுக்குப் போறீங்களே, அங்க உங்களுக்கு இன்னா கெடைக்குது?"

கேலியாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். பதினெட்டு வருஷம் ஓய்வுநாள் பள்ளி (சண்டே ஸ்கூல்) டீச்சராக இருந்தவள் நான், சபைப் பாடகர் குழுவில் ஆல்டோ குரல். வாயைத் திறந்தேன், ஒன்றும் வரவில்லை. மிஷின் இழுப்பறையிலிருந்து, இயேசுவைப் பற்றி அச்சடித்த ஒரு கைப்பிரதியை எடுத்து நீட்டினேன். அடுத்த வாரம் அவள் வீட்டுக்குப் போனபோது, ஆடுகிற பிரிட்ஜின் காலுக்கு அடியில் அது நாலாக மடிந்து கிடந்தது.

ஆண்டவர் தனக்குச் செய்ததை அடுத்தவருக்குச் சொல்வதைச் சபையில் 'சாட்சி சொல்வது' என்போம். அதற்கு என்னைப் போல வாயைத் திறந்து ஒன்றும் வராமல் நின்றவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மைக் பிடித்துப் பேசுகிறவர்களுக்கு இது தேவைப்படாது.

முதலில் பைபிளில் 51-ம் சங்கீதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். "உமது இரட்சணியத்தின் சந்தோஷத்தைத் திரும்பவும் எனக்குத் தந்து" என்பது பன்னிரண்டாம் வசனம். அடுத்த வசனம் "அப்பொழுது" என்று ஆரம்பிக்கிறது: "அப்பொழுது பாதகருக்கு உமது வழிகளை உபதேசிப்பேன்." அந்த 'அப்பொழுது' என்ற ஒரு சொல்லை நான் முப்பது வருஷமாகத் தாவிக் குதித்து வாசித்திருக்கிறேன். சந்தோஷம் திரும்பி வராமலே உபதேசத்துக்குப் போய்விட்டேன். அதனால்தான் கையில் பேப்பர் மட்டும் இருந்தது.

காய்ந்துபோனது எப்படித் தெரியும்

சபையை விட்டுப் போனவர்களைவிட, சபைக்குள்ளேயே ஓடி ஓடி வேலை செய்கிறவர்கள்தான் அதிகம் காய்ந்துபோகிறோம் என்பது என் எண்ணம். என் அடையாளங்களைச் சொல்கிறேன், உங்களுடையதோடு ஒத்துப்பாருங்கள். கீர்த்தனை பாடும்போது கேஸ் புக் பண்ணியாச்சா என்று மனசுக்குள் ஓடும். ஜெபம் பண்ணினால் வாக்கியங்கள் ரெடிமேட் ரவிக்கை மாதிரி வரும், யாருக்கும் சரியாகப் பொருந்தாது. ஜெபக் குறிப்பு நோட்டில் கடைசித் தேதி 2019. ஆனால் தினமும் காலையில் வாட்ஸ்அப்பில் நாற்பது பேருக்கு வசனம் போய்விடும்.

பைபிளின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தலில் எபேசு சபைக்குச் சொன்னதைத்தான் நான் மருந்தாக எடுத்துக்கொண்டேன்: "இன்ன நிலைமையிலிருந்து விழுந்தாயென்பதை நினைத்து, மனந்திரும்பி, ஆதியில் செய்த கிரியைகளைச் செய்வாயாக." நினை, திரும்பு, செய். மூன்றும் இந்த வரிசையில்தான் வேலை செய்கிறது.

நினைப்பதற்கு ஒரு நோட்டை எடுத்து, ஆண்டவர் உங்களுக்கு உண்மையாகவே கிட்டே வந்த ஒரு நாளை மட்டும் எழுதுங்கள். உணர்ச்சியை எழுத வேண்டாம். இடம், நேரம், என்ன உடுத்தியிருந்தீர்கள், பக்கத்தில் யார், அவ்வளவுதான். நான் எழுதியது 1991-ல் அப்பா இறந்த மூன்றாம் நாள் ராத்திரி. தூத்துக்குடிப் பக்கத்து நாசரேத்திலிருந்து ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலை வேலைக்கு வந்தவர் அவர். வாடகை வீட்டு மொட்டை மாடி, கரண்ட் இல்லை, சிம்னி விளக்கு. பக்கத்தைப் புரட்டினபோது 27-ம் சங்கீதத்தில் "என் தகப்பனும் என் தாயும் என்னைக் கைவிட்டாலும், கர்த்தர் என்னைச் சேர்த்துக்கொள்ளுவார்" என்று கண்ணில் பட்டது. இதை எழுத நாலு நாள் ஆனது. எழுதி முடித்தபோதுதான், அன்றைக்கு மாடியில் இருந்த அந்தப் பெண் எங்கே போனாள் என்று எனக்கே கேட்கத் தோன்றியது.

திரும்புவது என்றால் கண்ணை மூடி அழுவது என்று நினைத்துவிடுகிறோம். எனக்கு அது ஒரு போன் கால். கூடப்பிறந்த அக்கா தூத்துக்குடியில் இருக்கிறாள். அம்மாவின் ஆறு பவுன் சங்கிலி விஷயத்தில் நாலு வருஷம் பேச்சே கிடையாது. ஜெபத்துக்கு உட்காரும்போதெல்லாம் அந்தச் சங்கிலி வந்து நிற்கும், நானும் ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்று அதன் மேல் மண்ணைப் போட்டு மூடுவேன். ஒரு சனிக்கிழமை மத்தியானம் கூப்பிட்டேன். "நாந்தான்க்கா" என்றேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம், "சாப்ட்டியா?" என்று கேட்டாள். சங்கிலியைப் பற்றி இருவரும் பேசவில்லை. இன்னும் அது அவளிடம்தான் இருக்கிறது. உங்களுக்கும் ஒரு சங்கிலி இருக்கும். அதை விட்டுவிட்டு நாற்பது நாள் உபவாசம் இருந்தாலும் நடக்காது.

மூன்றாவது, ஆதியில் செய்ததைச் செய்வது. எனக்கு விடிகாலை நாலே முக்கால். ஐந்து மணிக்கு மெட்ரோ தண்ணீர் வரும், அடிபம்பு வரிசை ஆரம்பித்துவிடும், அதற்குள் பதினைந்து நிமிஷம். போனை அரிசி டிரம்முக்குள் வைத்துவிடுவேன். பக்கத்தில் இருந்தால் கை தானாகப் போகிறது. மாற்கு சுவிசேஷம், ஒரு நாளைக்கு ஒரு அதிகாரம், வாய்விட்டு. பதினாறு அதிகாரம், பதினாறு நாள். முடிந்ததும் திரும்ப முதலில் இருந்து. பிரசங்கக் குறிப்பு எடுக்காதீர்கள், யாருக்கும் பார்வர்ட் பண்ணாதீர்கள். மூன்றாம் சுற்றில்தான் எனக்கு அது கதையாக இல்லாமல் ஆளாகத் தெரிய ஆரம்பித்தது.

கன்வென்ஷன் என்ற பெரிய ஜெபக் கூட்டங்களுக்குப் போனால் உயிர்ப்பு வராதா என்று கேட்பீர்கள். வரும். புதன்கிழமைக்குள் ஆறியும் போகும். போகவேண்டாம் என்று சொல்லவில்லை.

நம்ம தமிழை எதிர்வீட்டுத் தமிழாக்குவது

சபைக்குள் பேசும் தமிழ் வெளியே வேறு அர்த்தம் தருகிறது. நமக்கு அது காதில் விழுவதே இல்லை. 'பாவம்' என்று நாம் சொன்னால் பாதிப் பேருக்கு 'ஐயோ பாவம்' ஞாபகம் வருகிறது, மீதிப் பேருக்குப் போன ஜென்மம். 'ஊழியம்' என்றால் அரசு ஊழியர். 'நான் இரட்சிக்கப்பட்டேன்' என்றால் எதிலிருந்து, எந்தக் கிணற்றிலிருந்து என்று தோன்றும். ஒருநாள் நான் 'ஆத்தும பாரம்' என்று சொல்லப்போக, எதிர்வீட்டுத் தங்கச்சி பதறி, "நெஞ்சு வலியாக்கா?" என்று கேட்டாள்.

'சாட்சி' என்ற சொல் மட்டும் பிழைத்துக்கொள்கிறது. பத்திரப் பதிவு ஆபீசில் சாட்சிக் கையெழுத்துப் போடாத குடும்பம் சென்னையில் இருக்காது. சாட்சிக்காரன் வக்கீல் மாதிரி வாதாட வேண்டாம், நேரில் பார்த்ததைச் சொன்னால் போதும். யோவான் ஒன்பதாம் அதிகாரத்தில் அந்தப் பார்வையற்றவன் செய்தது அதுதான்: "நான் குருடனாயிருந்தேன், இப்பொழுது காண்கிறேன், இது ஒன்றுதான் எனக்குத் தெரியும்."

பைபிள் கொடுப்பதானால், புதிதாக வாசிப்பவருக்கு நம் பழைய மொழிபெயர்ப்பை உடனே நீட்டாதீர்கள். எனக்கு அதுதான் உயிர், அதன் ஓசையில்தான் நான் ஜெபிக்கிறேன். ஆனால் கத்தோலிக்கரும் மற்றச் சபையாரும் சேர்ந்து செய்து 1995-ல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு அவர்களுக்குத் தொண்டையில் சிக்காது. முழுப் புத்தகம்கூட வேண்டாம், மாற்கு மட்டும் போதும்.

ஆறு கொக்கி நேரம்

சாட்சி எவ்வளவு நீளம் இருக்க வேண்டும்? என் அளவு, ஒரு ரவிக்கைக்கு ஆறு கொக்கி தைக்கிற நேரம். அதற்குமேல் போனால் பிரசங்கம்.

கூழ் விஷயத்தைத் தீர்க்காமல் எதுவும் பேச முடியாது என்று எனக்குத் தெரிந்தது. அதனால் ஒரு சாயங்காலம் அவள் வாசலில் போய் நின்றேன். "கொட்டினது தப்பும்மா. சாமிக்குப் படைச்சத நான் சாப்டுறதில்ல. அத உன்கிட்ட நேரா சொல்லத் தைரியம் இல்லாம பதினோரு வருஷம் ஏமாத்திட்டேன்." அவள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தாள். "அத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? படைக்கிறதுக்கு முன்னாடியே எடுத்து வெச்சிருப்பனே!" அன்றிலிருந்து அப்படித்தான் செய்கிறாள். 1 கொரிந்தியர் பத்தாம் அதிகாரத்தில் பவுல் படையலைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினதை அவள் அரை நிமிஷத்தில் முடித்துவிட்டாள். (சாப்பிடலாமா கூடாதா என்று உங்கள் மனச்சாட்சி வேறு சொல்லலாம். எதுவானாலும் முகத்துக்கு நேரே சொல்லுங்கள், கொட்டாதீர்கள். பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்காதீர்கள்.)

அதற்கப்புறம்தான் அவள் பழைய கேள்விக்குப் பதில் சொன்னேன், கொக்கி தைத்துக்கொண்டே. அப்பா போனது, மாடி, சிம்னி விளக்கு, அந்த ஒரு வரி. "சத்தமும் கேக்கல, வெளிச்சமும் தெரியல. தொண்டைல அடைச்சிட்டு இருந்த பயம் மறுநாள் இல்ல. நடுவுல நானே அத மறந்துட்டேன். இப்பத் திரும்பக் கெடைச்சிருக்கு. அதுக்குத்தான் சர்ச்சுக்குப் போறேன்." அவ்வளவுதான். ஐந்தாவது கொக்கியில் முடிந்துவிட்டது.

சொல்லும்போது சில விஷயம் கவனியுங்கள். நடந்ததைவிட ஒரு சுற்று கூட்டிச் சொல்லாதீர்கள். காய்ச்சல் மாத்திரையில் இறங்கியிருந்தால் மாத்திரையையும் சொல்லுங்கள். அவர்கள் கும்பிடும் சாமியைப் பற்றி ஒரு வார்த்தை இளக்காரமாக வரக்கூடாது. "நீயும் வா" என்று கடைசியில் ஒட்டவைக்காதீர்கள். கேட்டவர் சும்மா இருந்தால் நீங்களும் சும்மா இருங்கள். அந்த இடைவெளியை நிரப்பத் துடிக்கும் நாக்கைக் கடித்துக்கொள்வதுதான் இதில் எனக்கு மிகவும் கஷ்டமான பாடம்.

இதெல்லாம் ஐயர் (சபைப் போதகரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) வேலையல்லவா என்று எங்கள் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்திலேயே கேட்டார்கள். எங்கள் ஊர்ப்பக்கம் வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்த அசரியா, ஆங்கிலிக்கன் சபையில் இந்தியர்களில் முதல் பேராயராக 1912-ல் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்குப் போனவர். அங்கே ஞானஸ்நானம் பெற்ற ஒவ்வொருவரையும் தங்கள் தலையில் கைவைத்து, சுவிசேஷத்தை அறிவிக்காவிட்டால் எனக்கு ஐயோ என்று சொல்லவைத்தார். அவர்களில் பெரும்பாலோர் எழுதப் படிக்கத் தெரியாத கூலிக்காரர்கள். நாம் படித்துவிட்டுச் சும்மா இருக்கிறோம்.

சேர்ந்து வாசிப்பது

கேட்டால் மட்டும். அவளாக, "அந்தப் புக்கு இருக்கா?" என்று கேட்க எட்டு மாசம் ஆனது. செவ்வாய்க்கிழமை மூன்று மணி, பிள்ளைகள் பள்ளி விட்டு வருமுன் அரைமணி நேரம். ஒரு பகுதியை அவள் வாசிப்பாள். நான் கேட்பது இரண்டே கேள்வி: இதில் இயேசு என்ன செய்கிறார்? உனக்கு எது உறுத்துது?

இரண்டாவது கேள்விக்குத் தயாராக இருங்கள். மாற்கு ஐந்தில், கல்லறைகளில் குடியிருந்த ஒருவனைப் பிடித்திருந்த பிசாசுகள் ஏறக்குறைய இரண்டாயிரம் பன்றிகளுக்குள் போய் அவை கடலில் விழுந்து செத்தன என்று வருகிறது. அவள் நிறுத்திவிட்டாள். "பன்னி வளக்கறவனுக்கு நஷ்டம்தானேக்கா? அவனுக்கு யார் குடுப்பா?" பதினெட்டு வருஷ ஓய்வுநாள் பள்ளியில் ஒரு பிள்ளையும் கேட்காத கேள்வி. தெரியாது என்றேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்லலாம் என்று எனக்கு ஐம்பத்து மூன்று வயதில்தான் தெரிந்தது. ஐயரிடம் கேட்டேன், அவரும் கொஞ்சம் யோசித்துத்தான் பேசினார். ஒரு மனுஷன் கல்லறையிலிருந்து வீட்டுக்குத் திரும்பினதுக்கு அந்த ஊர் என்ன விலை வைத்தது பாருங்கள் என்றார். அதைக் கொண்டுபோய்ச் சொன்னேன். பாதிதான் ஒத்துக்கொண்டாள்.

தொடவே கூடாதவை

பசி. 2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் சபைக் கூடத்தில் லெமன் சாதம் கட்டிக்கொண்டிருந்தோம். பொட்டலத்துக்குள் ஒரு கைப்பிரதி வைக்கலாமே என்று நான்தான் சொன்னேன். அண்டாவைக் கிளறிக்கொண்டிருந்த வயசான அம்மா ஒருத்தர் கரண்டியை நிறுத்தாமலே, "பசிச்சவன்கிட்ட ரசீது கேக்குறியா?" என்றார். வைக்கவில்லை.

நோய். ஆஸ்பத்திரி வார்டில் படுத்திருப்பவர் எழுந்து போக முடியாது. ஜெபிக்கட்டுமா என்று கேளுங்கள், வேண்டாம் என்றால் ஆரஞ்சு உரித்துக் கொடுத்துவிட்டு வாருங்கள். சுகமாகிவிடும் என்று வாக்குக் கொடுக்க நீங்கள் யார்? கடன் கொடுத்தவரிடமும் வேலை கொடுத்தவரிடமும் இந்தப் பேச்சு வேண்டாம். அடுத்த வீட்டுப் பிள்ளைகளிடம் தாய் தகப்பனுக்குத் தெரியாமல் ஒரு வார்த்தையும் வேண்டாம்.

பொட்டு, பூ, தாலி. அதை எடு, இதை அழி என்று ஆரம்பிக்கிறவர்கள் இந்த ஊரில் உண்டு. எனக்கு அதில் கோபமே வரும். மாற்குவில் இயேசு யாரிடமும் முதலில் நெற்றியைப் பார்க்கவில்லை.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். அரசியலமைப்பின் 25-ம் பிரிவு மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தருகிறது. பரப்புவது என்றால் எடுத்துச் சொல்லும் உரிமைதான், இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை அதில் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 1977-ல் சொன்னது. எனக்கு அதில் வருத்தமில்லை, மனந்திரும்பப் பண்ணுவது நம் வேலை இல்லை என்று நாமே சொல்லுகிறோமே.

இன்னொன்றை யாரும் வாய்திறந்து சொல்வதில்லை. 1950-ம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி, பட்டியல் சாதியார் கிறிஸ்தவரானால் அந்த அந்தஸ்து போய்விடும். தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருவார்கள். பிள்ளையின் காலேஜ் சீட்டு, வேலை, எல்லாவற்றையும் அது தொடும். இது நியாயமா என்று பல வருஷமாக வழக்கு நடக்கிறது. நியாயமில்லை என்பதுதான் என் அபிப்பிராயம். ஆனால் ஞானஸ்நானம் என்ற பேச்சு வருமுன் இதை உட்காரவைத்துச் சொல்ல வேண்டியது உங்கள் கடமை. மறைத்துச் சேர்த்தால் பத்து வருஷம் கழித்து அந்தப் பிள்ளை உங்களைத்தான் கேட்கும். புருஷனுக்குத் தெரியாமல் அவசர ஞானஸ்நானமும் வேண்டாம். வீட்டில் இடி விழுந்தால் தாங்குவது அவள்தான்.

முதல் முறை ஆலயத்துக்கு

"வந்து பார்" என்று பிலிப்பு நாத்தான்வேலைக் கூப்பிட்டமாதிரி கூப்பிடலாம், கூப்பிட்டுவிட்டுப் பாடகர் குழு வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டால் அவள் தனியாகத் திணறுவாள். அன்று குழுவுக்கு லீவு சொல்லுங்கள். நடுவில் உட்காருங்கள், முன்வரிசை வேண்டாம். எப்போது எழுந்திருப்பது, எப்போது முழங்காலிடுவது என்பதை முன்னமே காதில் சொல்லிவையுங்கள். காணிக்கைப் பை வரும், போடவேண்டாம் என்று சொல்லுங்கள். இல்லாவிட்டால் அவசரமாகப் பர்ஸைத் துழாவுவார்கள். திருவிருந்து (அப்பமும் ரசமும் கொடுப்பது) இல்லாத ஞாயிறாகப் பாருங்கள். எல்லோரும் எழுந்து போக, அவள் மட்டும் உட்கார்ந்திருப்பது பெரிய சங்கடம். புதுசா வந்தவர்கள் எழுந்து நில்லுங்கள் என்று மேடையில் சொல்கிற வழக்கம் உங்கள் சபையில் இருந்தால், முதல் நாளே ஐயரிடம் போய்க் கெஞ்சி அதை நிறுத்திவையுங்கள்.

எதிர்வீட்டுத் தங்கச்சி இதுவரை இரண்டு தடவை வந்திருக்கிறாள், இரண்டும் கிறிஸ்துமஸ் காலம். பாட்டு பிடித்திருந்ததாம். பிரசங்கம் நீளமாம். மறுப்பதற்கில்லை.

நடுவில் நின்றுபோனால்

போன வருஷம் மூன்று மாசம் அவள் வாசிக்க வரவில்லை. கொழுந்தனார் ஏதோ சொல்லியிருக்கிறார். நான் போய்க் கூப்பிடவில்லை. ரவிக்கை தைத்துக் கொடுத்தேன், மெட்ரோ தண்ணீர் அவள் முறை வரும்போது கதவைத் தட்டினேன், அவள் பெயரைச் சொல்லி நாலே முக்காலுக்கு ஜெபித்தேன். சபையில் ஒருவர், "என்ன சிஸ்டர், கனி வரலையா?" என்று கேட்டபோது எரிச்சல்தான் வந்தது.

அந்த நாட்களில் நான் நினைத்துக்கொண்டது தோமாவைத்தான். நம் மெட்ரோ ரயிலிலேயே சின்னமலையும் பரங்கிமலையும் ஸ்டேஷன்கள். இரண்டையும் அவர் பெயரோடு சேர்த்துத்தான் பாரம்பரியம் சொல்கிறது. இந்த ஊருக்கு என்று வாய்த்த அப்போஸ்தலன், இயேசு உயிர்த்தெழுந்ததைத் தொட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்று சொன்னவர். அப்படிச் சொன்ன பிறகும் எட்டு நாள் மற்றச் சீஷர்கள் அவரை வெளியே அனுப்பவில்லை, யோவான் இருபதில் பாருங்கள், அதே வீட்டுக்குள் கூடவே இருக்கிறார். அந்த எட்டு நாளும் அவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்று எழுதப்படவில்லை. சோறு போட்டிருப்பார்கள்.

தை பிறந்து ஒரு செவ்வாய்க்கிழமை, கையில் மாற்கு புத்தகத்தோடு வந்து நின்றாள். அட்டையில் மஞ்சள் கறை. "எங்கக்கா உட்டோம்?" என்றாள். எட்டாம் அதிகாரம், பெத்சாயிதாவில் அந்தப் பார்வையற்றவன். முதல் தடவை தொட்டபோது அவனுக்கு மனுஷர்கள் மரங்களைப்போலத் தெரிகிறார்கள், இன்னொரு தடவை தொட வேண்டியிருக்கிறது. "ஒரே தடவைல ஆவலியா?" என்று ஆச்சரியப்பட்டாள். அந்த இடத்தை இரண்டு முறை வாசித்தாள்.

இப்போது ஒன்பதாம் அதிகாரத்தில் நிற்கிறோம். வருகிற செவ்வாய் அவள் மகள் பள்ளியில் பெற்றோர் கூட்டமாம், புதன்கிழமை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். புதன் எனக்குப் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டம். வரமுடியாது என்று காரியதரிசிக்குச் சொல்லிவிட்டேன்.